விரலுக்குத் தகுந்த வீக்கம். காருக்குத் தகுந்த டயர்!

மதுரையில் இப்போது ஒரு புதுமோகம் பரவி வருகிறது.

சாதாரணக் கார் ஒன்றை வாங்குகிறார்கள். வாங்கிய மறு வாரமே, அதில் இருந்த டயர்களைக் கழற்றி எறிகிறார்கள். பெரிய, அகலமான டயர்களை மாட்டுகிறார்கள். "இனி இது ஸ்போர்ட்ஸ் கார்!" என்று மார் தட்டிக்கொள்கிறார்கள்.

மாசி வீதியிலும் தெப்பக்குளத்துப் பக்கமும் அந்தக் கார் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதில் ஓட்டுகிறவருக்கு ஒரு பெருமை.

பெருமை இருக்கட்டும். அந்தக் காரில்தானே மனைவியும் மக்களும் ஏறுகிறார்கள்? வயதான தாய் தந்தையரும் அதில்தானே ராமேசுவரத்துக்குப் போகிறார்கள்?

டயர் அலங்காரப் பொருள் அல்ல. அது உயிர் காக்கும் பொருள். அதன் அளவை அழகு பார்த்து முடிவு செய்யக் கூடாது. கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். இதுவே நம் கருத்து.

கொல்லர் அறிந்த கணக்கு

இந்தக் கணக்கு நமக்குப் புதிது அல்ல.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் மாட்டு வண்டி ஓடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா போடுவார்கள். கொல்லர் முதலில் சக்கரத்தின் சுற்றளவை அளந்துகொள்வார். அதைவிடச் சற்றே சிறிதாகப் பட்டாவைச் செய்வார். நெருப்பில் காய்ச்சினால் பட்டா விரியும். விரிந்த பட்டாவைச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்.

பட்டா பெரிதாகிவிட்டால் வழியில் கழன்று விழும். மிகவும் சிறிதாகிவிட்டால் சக்கரத்தில் ஏறாது. எழுதப் படிக்கத் தெரியாத கொல்லரும் இதில் தவறமாட்டார்.

வண்டியில் ஏற்றும் பாரத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதைத் திருவள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்.

மணிக்கு 5 மைல் போன மாட்டு வண்டிக்கே இவ்வளவு கணக்கு என்றால், மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும் காருக்கு எவ்வளவு கணக்கு வேண்டும்?

டயர் தெரிந்த ஊர்

மதுரை டயரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஊர் அல்ல.

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் தொடங்கிய மோட்டார் தொழில், மதுரையில்தான் வேர் விட்டது. அந்தக் காலத்துச் சாலைகளில் மாட்டு லாட ஆணிகள் இறைந்து கிடக்கும். பஸ் டயர்களை அவை குத்திக் கிழித்துவிடும். அதனால், காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை விட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று மதுரையில் பெரியவர்கள் சொல்வது உண்டு.

தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிலையும் அவர் நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. அப்போது கரி வாயுவில் மோட்டார் ஓட்டும் கருவியையும் செய்து கொடுத்தார்.

மேலூர் சாலையில் உள்ள வெள்ளரிப்பட்டியில் டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான டயர்கள் அங்கிருந்து பல ஊர்களுக்குப் போகின்றன.

இப்படி டயர் செய்து கொடுக்கும் சீமையில், டயரின் மேல் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாமல் கார் ஓட்டலாமா?

டயர் பேசுகிறது!

டயரின் பக்கவாட்டில் சில எண்களும் எழுத்துகளும் அச்சாகி இருக்கும். பலர் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது முத்திரை அல்ல. டயரின் ஜாதகம்!

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம்.

205/55 ஆர் 16 91 வி.

முதலில் உள்ள 205 என்பது டயரின் அகலம். 205 மில்லிமீட்டர். அதாவது 8 அங்குலத்துக்குச் சற்று அதிகம்.

அடுத்த 55 என்பது டயரின் பக்கச் சுவரின் உயரம். இது மில்லிமீட்டர் அல்ல; சதவீதம். அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. 205-ல் 55 பங்கு என்றால் சுமார் 113 மில்லிமீட்டர்.

'ஆர்' என்பது ரேடியல் என்ற வகை. டயருக்குள் இருக்கும் நூல் அடுக்குகள் போகும் திசையை அது காட்டுகிறது. இன்று கார்களுக்கு வருகிற டயர்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

16 என்பது டயர் உட்காரும் இரும்பு அல்லது அலுமினிய வளையத்தின் குறுக்களவு. இது அங்குலக் கணக்கு. இந்த வளையத்தைத்தான் 'ரிம்' என்கிறோம்.

91 என்பது பாரக் குறி. 91 கிலோ என்று நினைத்துவிடக் கூடாது! அட்டவணையில் 91 என்றால் 615 கிலோ. ஒரு டயர் அவ்வளவு பாரம் தாங்கும்.

கடைசி எழுத்து வேகக் குறி. 'எஸ்' என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். 'டி' என்றால் 190. 'எச்' என்றால் 210. 'வி' என்றால் 240. அந்த வேகத்துக்குமேல் டயர் தாங்கும் என்று சொல்ல முடியாது.

இவ்வளவுதான் விஷயம். ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதும்.

மீட்டர் பொய் சொல்லும்!

"கொஞ்சம் பெரிய டயர் போட்டால் என்ன குடி முழுகிப் போகும்?" என்று கேட்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

205/55 ஆர் 16 டயரின் முழு உயரம் சுமார் 632 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 225/60 ஆர் 16 டயரை மாட்டுகிறார் ஒருவர். ரிம் அதேதான். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது. இதன் உயரம் சுமார் 676 மில்லிமீட்டர். 44 மில்லிமீட்டர் கூடிவிட்டது! நூற்றுக்கு 7 பங்கு அதிகம்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கார் முன்பைவிட அதிக தூரம் போகும். ஆனால், வேகம் காட்டும் மீட்டருக்கு இது தெரியாது. அது பழைய டயரை நினைத்துக்கொண்டே கணக்குச் சொல்லும். மீட்டர் 80 என்று காட்டும்போது கார் உண்மையில் சுமார் 86-ல் போய்க்கொண்டிருக்கும்.

அதோடு தொல்லை முடியவில்லை. வளைவில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்தால், டயர் மட்கார்டில் உரசும். காரில் ஆள் நிறைந்திருந்தால் இன்னும் அதிகமாக உரசும். கொடைக்கானல் மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவில் இப்படி உரசினால் என்ன ஆகும்? வீட்டில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கவேண்டும். வளைவில் போய் நினைத்துப் பயன் இல்லை.

சிலர் வேறு வழியில் போகிறார்கள். டயரின் உயரத்தை மாற்றாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்குகிறார்கள். 205/55 ஆர் 16-க்குப் பதிலாக 225/45 ஆர் 17. இதில் மொத்த உயரம் 2 மில்லிமீட்டர்தான் மாறும். கணக்குச் சரி. ஆனாலும், டயரின் பக்கச் சுவர் மெலிந்துபோகிறது. காற்று மெத்தை குறைகிறது. குழியில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். வழவழப்பான சாலைக்கு இது சரி. குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் தோண்டிப் போட்ட தெருவுக்குச் சரிப்படுமா?

ரிம்மின் அகலமும் பொருந்தவேண்டும். 205/55 ஆர் 16 டயருக்கு ஐந்தரை அங்குலம் முதல் ஏழரை அங்குலம் வரை அகலமான ரிம் ஆகும். அதற்கு மேலும் கீழும் ஆகாது. ஒடுங்கிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால், குழந்தை செருப்பில் பெரியவர் காலை நுழைத்த கதைதான்!

அகலம் என்றால் பிடிப்பா?

"அகலமான டயர் சாலையை நன்றாகப் பிடிக்குமே?" என்பது அடுத்த வாதம்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல ரப்பரும் காய்ந்த சாலையும் சேர்ந்தால் அகலமான டயருக்குப் பிடிப்பு அதிகம். அதை மறுப்பதற்கில்லை.

மழை வந்தால் கதை மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மதுரையில் அரை மணி நேரம் கொட்டினால் போதும். ரிங் ரோட்டில் தண்ணீர் ஓடும். டயர் அந்தத் தண்ணீரைப் பிளந்துகொண்டு போய்ச் சாலையைத் தொடவேண்டும். ஒடுங்கிய டயர் எளிதில் பிளக்கும். அகலமான டயர் வேகத்தில் தண்ணீர்மேல் ஏறிவிடும். படகுபோல மிதக்கும்! அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக் போட்டாலும் நிற்காது.

டயரின் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், அந்த டயருக்கு ஆயுள் முடிந்தது என்று பொருள்.

அகலமான டயரை உருட்டப் பெட்ரோலும் அதிகம் வேண்டும். இது பணப்பைக்கு வரும் கேடு.

உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் எது?

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே அகலமான டயர்தான் என்று நினைப்பதும் தவறு.

ஜப்பானின் மாஸ்டா கம்பெனி 1989-ல் எம்.எக்ஸ்-5 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. இரண்டே பேர் உட்காரும் கார். உலகமெங்கும் புகழ் பெற்றது. அதன் டயர் என்ன அளவு தெரியுமா? 185/60 ஆர் 14! நம் ஊரில் சாதாரணக் குடும்பக் காரில் இருக்கும் அகலம்தான். கார் இலேசானது, அதற்கு அது போதும் என்று கட்டியவர்கள் கணக்குப் போட்டார்கள்.

ஜெர்மனியின் போர்ஷ் 911 கரேராவைப் பாருங்கள். 2019-ல் வந்த அதன் புதுத் தலைமுறையில் முன் டயர் 235/40 ஆர் 19. பின் டயர் 295/35 ஆர் 20. முன்னைவிடப் பின் டயர் 60 மில்லிமீட்டர் அகலம் அதிகம். ஏன்? அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது. பாரமும் பின்னால், சக்கரத்தைத் தள்ளும் விசையும் பின்னால். அதற்குத் தகுந்த டயர் பின்னால்!

ஒன்றில் சிறிய டயர். இன்னொன்றில் பெரிய டயர். இரண்டும் ஸ்போர்ட்ஸ் கார்தான். இரண்டிலும் டயரை முடிவு செய்தது காரின் எடை, எஞ்சினின் இடம், வேகம் ஆகியவை. அழகு அல்ல.

இத்தகைய கார் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி மாட்ட முடியாது. சில டயர்களில் சுழல வேண்டிய திசைக்கு அம்புக்குறி இருக்கும். அதையும் பார்த்துத்தான் மாட்டவேண்டும்.

நரேன் கார்த்திகேயன் கண்ட பந்தயம்

டயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் தமிழ்நாட்டு வீரர் ஓடிய பந்தயமே சாட்சி.

2005-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் 'பார்முலா ஒன்' கார்ப் பந்தயம். கோவை வீரர் நரேன் கார்த்திகேயன் அதில் ஓடினார். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் அவர்தான்.

மொத்தம் 20 கார்கள். அவற்றில் 14 கார்களுக்கு 'மிஷலின்' டயர். 6 கார்களுக்கு 'பிரிட்ஜ்ஸ்டோன்' டயர்.

பந்தயத்துக்கு 2 நாள் முன்பு, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், ரால்ப் சூமாக்கரின் காரில் பின் டயர் பழுதானது. கார் சுவரில் மோதியது. அது நடந்த இடம் 13-வது வளைவு. சாய்வாகக் கட்டிய வளைவு அது. அங்கே டயரின்மேல் விழும் பாரம் மிக அதிகம்.

மிஷலின் கம்பெனி ஆராய்ந்து பார்த்தது. "அந்த வளைவில் முழு வேகத்தில் போனால் எங்கள் டயர் பந்தயம் முழுதும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்யுமாறு கேட்டார்கள். அதிகாரிகள் ஒப்பவில்லை.

பந்தய நாள் வந்தது. 20 கார்களும் ஒத்திகைச் சுற்று வந்தன. சுற்று முடிந்ததும் 14 கார்கள் ஒதுங்கிவிட்டன! 6 கார்கள் மட்டுமே ஓடின. கூட்டம் கூச்சல் போட்டது.

நரேன் கார்த்திகேயனின் ஜோர்டான் காருக்குப் பிரிட்ஜ்ஸ்டோன் டயர். அவர் 4-வதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார்.

இதில் கவனிக்கவேண்டியது என்ன? ஒதுங்கிய 14 பேரும் உலகத்திலேயே சிறந்த ஓட்டுநர்கள். அவர்களுக்குப் பின்னால் கோடிக் கணக்கில் பணம். லட்சம் கண்கள் பார்க்கின்றன. அப்படி இருந்தும், "இந்தச் சாலைக்கு இந்த டயர் தாங்காது" என்று செய்தவர் சொன்னதும் நின்றுவிட்டார்கள்.

உலக வீரர்கள் டயர் செய்தவரின் சொல்லைக் கேட்கிறார்கள். நம் ஊர் இளைஞர், கார் செய்தவரின் சொல்லைக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா?

வெயிலும் காற்றும்

மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சாலையின் தார் அதைவிடச் சூடாக இருக்கும். டயருக்கு எமன் சூடுதான்.

பாரக் குறி குறைந்த டயரை மலிவு என்று வாங்குகிறார்கள் சிலர். 91 குறி உள்ள நாலு டயர் சேர்ந்து 2,460 கிலோ தாங்கும். 82 குறி உள்ள டயர் ஒன்றுக்கு 475 கிலோ. நாலும் சேர்ந்து 1,900 கிலோதான். 560 கிலோ குறைந்துவிட்டது! ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் டயர் திணறும். திணறினால் சூடேறும். சூடேறினால் வெடிக்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. "கோடையில் காற்று விரியும், ஆகையால் காற்றைக் குறைத்து அடி" என்கிறார்கள். இது தலைகீழ்ப் பாடம்! காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகமாக மடங்கும். மடங்க மடங்கச் சூடு ஏறும். சரியான டயரைக்கூட இந்தப் பழக்கம் கொன்றுவிடும். கார் ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று அடிக்கவேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

டயரின் வயதையும் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கிழடு தட்டும். தேயாத டயரானாலும் 10 ஆண்டுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று பெரிய கம்பெனிகள் சொல்கின்றன. "புத்தம் புதுசு" என்று கடைக்காரர் சொன்னாலும், நாலு எண் உண்மையைச் சொல்லிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தித் தீர்ப்புச் சொன்னது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் நாம் இதைச் சொல்லவில்லை. போலீஸ்காரர் இல்லாத சாலையிலும் டயர் வெடிக்கும்!

என்ன செய்யவேண்டும்?

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பாருங்கள். கதவு சாத்தும் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். டயர் அளவும் காற்றின் அளவும் அதில் அச்சாகி இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டயர் வாங்கப் போகும்போது அந்தத் தாள் பேசட்டும். கடைக்காரர் ஆசை காட்டினாலும் மசியவேண்டாம்.

ஒரே மாடல் காருக்குக் கம்பெனியே இரண்டு, மூன்று அளவுகளை அனுமதிப்பது உண்டு. அழகு வேண்டும் என்பவர்கள் அதற்குள் தேர்ந்தெடுக்கலாம். ஆசைக்கும் இடம் உண்டு, ஆபத்தும் இல்லை.

பாரக் குறி, வேகக் குறி இரண்டும் பழைய டயருக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். ஒருபோதும் குறையக் கூடாது.

டயர் வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பில்லில் விலையை மட்டும் எழுதாதீர்கள். டயரின் அளவு, பாரக் குறி, வேகக் குறி, செய்த வாரம் நாலையும் எழுதிக் கொடுங்கள். காருக்குப் பொருந்தாத டயரை வாடிக்கைக்காரர் கேட்டாலும், "வேண்டாம் அண்ணே" என்று சொல்லுங்கள். அந்த ஒரு விற்பனை போனாலும், உங்கள் பெயர் நிலைக்கும்.

கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிகள், கியர் போடக் கற்றுத் தருவதோடு நின்றுவிடக் கூடாது. டயர் எண்ணை வாசிக்கவும் கற்றுத் தரவேண்டும்.

தாய்மார்களே! பிள்ளை காருக்குப் புது டயர் மாட்டி வந்தால், "அழகாக இருக்கிறதா?" என்று அவன் கேட்பான். "அளவாக இருக்கிறதா?" என்று நீங்கள் கேளுங்கள்.

காற்றடைத்த டயர் பிறந்த கதை தெரியுமா? அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சிறு மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். கல் பாவிய தெருவில் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். மகன் படும் பாட்டைப் பார்த்த தகப்பனார், ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888-ல் அதற்கு அரசாங்க உரிமையும் பெற்றார்.

பிள்ளை நோகக் கூடாது என்று ஒரு தகப்பன் செய்த பொருள் அது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் நாமும் அந்த எண்ணத்தோடுதான் அதை வாங்கவேண்டும்.